எல்லாம் நன்றாக இருக்கும் வேலையிடத்தில் சங்கம் எதற்கு?

சம்பளம், விடுப்பு எல்லாம் நன்றாகவே இருக்கும் இடத்தில் சக ஊழியர்களைத் திரட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் குறை தேடி அலையாதீர்கள், இல்லாத குறையைப் பெரிதாக்கினால் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள். இன்று கிடைப்பதில் எது எழுத்தில் இருக்கிறது, எது மேலாளரின் நல்ல மனதால் மட்டும் நடக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிப் பாருங்கள். அந்த மேலாளர் மாறினால், நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர்களுக்கே வந்துவிடும். இருக்கும் நல்லதைக் கூட்டு ஒப்பந்தமாக எழுதி வாங்குவதும் சங்க வேலைதான். நல்ல சம்பளத்துக்குப் பேர்போன கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டிலேயே 2021 ஜனவரியில் சங்கம் தொடங்கினார்கள், ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம், உங்கள் இடத்தில் துப்புரவு, காவல் வேலை செய்பவர்களுக்கும் இதே வசதிகள் உண்டா? பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.