பதில் சுருக்கமாக வந்தால் பதறுவது ஏன்?

கேள்வி: கணவர் நல்லவர்தான். ஆனால் என் மெசேஜுக்கு ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தால், என்மேல் வெறுப்பு வந்துவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. பாராட்டினாலும் சும்மா சொல்கிறார் என்றே தோன்றுகிறது. கடைசியில் நானே சண்டையை ஆரம்பிக்கிறேன். ‘நீ என்னை நம்பவே மாட்டேங்கிற’ என்கிறார். தப்பு யார்மேல்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தப்பு யார்மேல் என்பது இருக்கட்டும். அவர் உங்களை மட்டம் தட்டியதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களைப் பற்றி நீங்கள் நினைப்பதை அவர் நினைப்பதாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

கிம் பார்த்தலோமியூ, லெனார்ட் ஹோரோவிட்ஸ் என்ற உளவியலாளர்கள் 1991-ல் நெருங்கிய உறவுகளில் மனிதர்கள் இருக்கும் விதத்தை இரண்டு கேள்விகளால் வகை பிரித்தார்கள். நான் அன்புக்குத் தகுதியானவரா? மற்றவர்களை நம்பலாமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். முதலாவதில் மட்டும் தடுமாறுபவர்கள் சதா அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இந்த ரகம் என்று படுகிறது. (தன்னை உயர்த்தி, மற்றவரை மட்டமாக நினைக்கும் ரகமும் உண்டு. அவர்கள் இந்தப் பகுதிக்குக் கடிதம் போடுவதே இல்லை!)

தன்னைக் குறைவாக மதிப்பவர்கள், துணை தன்மேல் வைத்திருக்கும் மதிப்பையும் உள்ளதைவிடக் குறைத்தே கணக்குப் போடுகிறார்கள் என்பது சாண்ட்ரா மர்ரே என்ற உளவியலாளர் தம்பதிகளிடம் நடத்திய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அடிபடுவோமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு குத்துகிறோம். துணைக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிடுகிறது.

அந்த ஒற்றை வார்த்தை வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். போனைத் திறந்து திறந்து பார்க்கிறீர்கள், போன வாரத்து மெசேஜையெல்லாம் தோண்டுகிறீர்கள். அவர் பையை இறக்கி வைப்பதற்குள் தீர்ப்பே தயார். ‘என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க’ என்றால் அவர் என்னதான் சொல்வார்? ‘பதில் சுருக்கமா வந்துச்சு, ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேலையா இருந்தீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டினால் மறுக்காமல் ‘தேங்க்ஸ்’ சொல்லி நிறுத்துங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஒன்று, அவர் நிஜமாகவே கேலியும் அவமதிப்புமாக நடத்துபவர் என்றால் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அப்போது மாற வேண்டியவர் அவர். மற்றபடி, தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். முதல் தடவை தனியாகவே போங்கள். அவரை அப்புறம் அழைத்துக்கொள்ளலாம்.