‘இன்னார் பையன்’ என்றே இருந்துவிடுவேனா?

வணக்கங்க. எனக்கு 33 வயது, ஊர் திருப்பூர். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காங்கேயம் பக்கம் காடும் மாடுமாக வாழ்ந்தவர். அப்பா அதை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்து, கைமடிக்கிற வேலையில் தொடங்கி, சொந்தமாக நிட்டிங் யூனிட் வைத்தார். இன்ஜினியரிங் முடித்ததும், “எங்கயும் போக வேண்டாம் கண்ணு, இது உனக்குத்தானே” என்றார். வந்துவிட்டேன். கல்யாணமும் வீடும் அப்படியே அமைந்தன. எதையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் விசேஷங்களுக்குப் போனால் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை, ‘இன்னார் பையன்’தான். உனக்கு என்ன பிடிக்கும் என்று மனைவி கேட்டால் பதில் வருவதில்லை. சில நாட்களாகத் தூக்கமும் சரியில்லை. நைட் ஷிப்டில் மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும். புதிதாக வந்த பீகார் பையனுக்கு, துணியில் விழும் கோட்டைப் பார்த்து எந்த ஊசி உடைந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவனே பார்த்து மாற்றுகிறான். மற்றபடி எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடலாமா?

*

அன்புள்ள தம்பி,

இப்போதைக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. எதை விடுவது என்று தெரிகிறதே தவிர, எதை நோக்கிப் போவது என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர், இளைஞர்கள் தங்கள் அடையாளத்தை எப்படி அமைத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றி 1966இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தானாகத் தேடிப் பார்க்காமல், பெற்றோர் காட்டிய பாதையையே உறுதியாகப் பற்றிக்கொள்ளும் நிலையும் அதில் வருகிறது. கொங்கு நாட்டின் தொழில் குடும்பங்களில் இது சாதாரணம். இருபதில் கேட்காத கேள்வி முப்பதுக்கு மேல் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகளைச் சொன்னார்கள்: மனம் ஒப்பிச் செய்கிறோம் என்ற உணர்வு, திறமை, உறவு. இவற்றில் முதலாவதைப் பலர் ‘தனியாகப் பிரிந்து போவது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொன்னது அதுவல்ல. அப்பா தந்த வேலையாகவே இருந்தாலும் மனதார ஏற்றுச் செய்தால் அது உங்களுடையதுதான். உங்களுக்குத் திறமையும் உறவும் இருக்கின்றன. நீங்களே எடுத்த முடிவு என்று சொல்லத்தான் எதுவும் இல்லை.

அந்த பீகார் பையனைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உங்கள் கடிதத்துக்கு உயிர் வருகிறது. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல், வாழ்க்கையின் பொருள் என்ன என்று நாம் கேட்பதைவிட, வாழ்க்கை நம்மிடம் கேட்பதற்கு நாம் பதில் சொல்வதே முக்கியம் என்று கருதினார். வீட்டை விட்டு வெகுதூரம் வந்த ஒரு பையனுக்குத் தொழில் தெரிய வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

எனவே புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பை முழுதாக உங்களிடம் விடச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். எப்படிப் பழக்குவது, எப்போது மெஷினைத் தனியாக நம்பிக் கொடுப்பது, இரண்டும் உங்கள் முடிவு. துணி வீணானால் அந்த நஷ்டத்துக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள். சில மாதங்கள் பார்த்துவிட்டு, இதுவும் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றைத் தேடலாம். அப்போது, முயன்று பார்த்த ஒருவராகத் தேடுவீர்கள்.

அப்பா மறுப்பார் என்று பயமா? காட்டை விட்டு பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று அப்பாருவிடம் அவர் எப்படிச் சொன்னார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் முன்னோர் வழியை மாற்றியவர் அவர்தான். அவருக்கு நீங்கள் சொல்வது புரியும் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், தூக்கம் பற்றிச் சொன்னதை நான் லேசாக விட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் நாள் முழுதும் சோர்ந்தே இருந்தால், பிடித்ததிலும் நாட்டம் போய், பசியும் குறைந்திருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் நல்ல பலன் தரும். தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் தமிழில் பேசலாம்.