மூணு வருஷமா ஆசிட் மாத்திரை, இப்போ தோசை நெஞ்சுல நிக்குது

"ரெண்டு மாசமா தோசை, சப்பாத்தி சாப்பிட்டா நெஞ்சுக்குள்ள நிக்குது, ஒரு மடக்கு தண்ணி குடிச்சாதான் இறங்குது"ன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க லெட்டர்ல அதுதான் விஷயம். ஏப்பம், உப்புசம், நாக்குல வெள்ளை இதையெல்லாம் ஓரமா வைங்க. மதுரையில ஜவுளிக்கடை வேலை முடிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுத்தா யாருக்கும் ஏப்பம் வரும்.

சித்தப்பா உணவுக்குழாய் கேன்சர்ல போனாருன்னு ஒத்த வரி எழுதிட்டு அடுத்த வரியிலயே "மூணு வருஷமா போடற பேன்டாப்ரசோல்ங்கற ஆசிட் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு வாட்ஸ்அப் வீடியோ சொல்லுதே"ன்னு கிட்னிக்கு தாவிட்டீங்க. பயம் எங்க இருக்குன்னு புரியுது, அதனால நேரா சொல்றேன். கெட்டியான சாப்பாடு நிக்குது, ஆனா மோரும் கஞ்சியும் தடையில்லாம போகுதுன்னா குழாய் ஏதோ ஒரு இடத்துல குறுகியிருக்கலாம். வருஷக்கணக்கா ஆசிட் மேல ஏறி ஏறி புண்ணாகி, அது ஆறுறப்போ தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம், அப்படின்னா எண்டோஸ்கோப்பி (வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பார்க்கறது) வழியாவே பலூன் வச்சு விரிச்சு விட்டுடலாம். வெறும் அழற்சியாவும் இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம், உங்களுக்கு 53 வயசு, புகையிலைப் பழக்கமும் இருக்கு, அதை மறைச்சுப் பேச எனக்கு மனசு வரல. இதுல எதுன்னு வெளியில இருந்து எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது, உள்ள விட்டுப் பார்த்தாதான் தெரியும்.

"மாத்திரை போட்டா எரிச்சல் அடங்கிடுது, அப்போ பெருசா ஒண்ணும் இருக்காதுல்ல"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படி எடுத்துக்கவே கூடாது. இரைப்பையில கேன்சர் இருந்தாகூட இந்த மாத்திரை கொஞ்ச நாளைக்கு எரிச்சலை அடக்கி வைக்கும். பெல்ட்ல ஒரு ஓட்டை உள்ள போயிருக்குன்னு வேற எழுதியிருக்கீங்க, டயட் இல்லாம எடை குறையறது எனக்கு சந்தோஷமான செய்தி இல்ல.

அதனால இந்த வாரமே எண்டோஸ்கோப்பி எடுங்க, அடுத்த மாசம்னு தள்ளாதீங்க. உங்க ஊர்ல அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலயே குடல் இரைப்பை பிரிவு இருக்கு. முந்தின ராத்திரி சாப்பிட்டதோட வெறும் வயித்துல போகணும், தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, கொஞ்சம் குமட்டும், வழக்கமா பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா அங்கேயே துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாங்க. அதுக்கு நடுவுல எச்சில்கூட இறங்காம நின்னாலோ, தார் மாதிரி கறுப்பா மலம் போனாலோ, வாந்தியில ரத்தம் வந்தாலோ அன்னைக்கே கேஷுவாலிட்டிக்கு ஓடணும்.

இப்போ அந்த வாட்ஸ்அப் வீடியோ. அதைப் பார்த்துட்டு உங்களை மாதிரி எத்தனையோ பேர் பயந்து போய் வர்றாங்க, எனக்கு நெஜமாவே கோபம் வருது. நீங்க போடற அதே பேன்டாப்ரசோல் 40-ஐ ஒரு பாதி பேருக்கும் வெத்து மாத்திரையை மறு பாதிக்கும் கொடுத்து 17,000 பேருக்கு மேல, சுமார் 3 வருஷம் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2019-ல வந்துச்சு, அதுல கிட்னி நோயோ, ஞாபக மறதியோ, எலும்பு முறிவோ கூடல, குடல் தொற்றுதான் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. ரொம்ப அபூர்வமா சிலருக்கு கிட்னியில அலர்ஜி மாதிரி அழற்சி வர்றது உண்டு, வருஷக்கணக்கா போட்டா பி12-உம் மெக்னீசியமும் குறையலாம், அதனால ரத்த டெஸ்ட்ல கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினினோட அதையும் சேர்த்துப் பாருங்க, அவ்வளவுதான்.

வீடியோவை விட எனக்கு பெரிய கவலை, மூணு வருஷம் முன்னாடி ஒரு டாக்டர் ஆறு வாரத்துக்குன்னு எழுதிக் கொடுத்த சீட்டை வச்சே இன்னைக்கு வரைக்கும் மெடிக்கல்ல அட்டை அட்டையா வாங்கிட்டு இருக்கீங்க, நடுவுல ஒருத்தர்கூட உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கல. முட்டி வலிக்கு அதே கடையில டைக்ளோபினாக் வேற வாங்கிப் போடறீங்க, அது இரைப்பையைப் புண்ணாக்கும், இன்னைக்கே நிறுத்துங்க.

பேன்டாப்ரசோல் போடற விதமும் தப்பு. எரிச்சல் வந்தப்புறம், சாப்பிட்ட பிறகு போட இது ஜெலுசில் இல்ல. இரைப்பையில ஆசிட் சுரக்கற பம்புகள் சாப்பாடு வந்தாதான் வேலை செய்ய ஆரம்பிக்கும், அந்த நேரம் மருந்து ரத்தத்துல தயாரா இருந்தா பம்பை அப்படியே பூட்டிடும், அதுக்காகத்தான் காலையில சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடச் சொல்றது. நிறுத்துன மூணாவது நாளே எரியுதுன்னு சொன்னீங்களே, அடக்கி வச்ச ஆசிட் திடீர்னு கூடுதலா சுரக்கறதாலயும் அப்படி எரியும், சில வாரத்துல தானா அடங்கும். எண்டோஸ்கோப்பியில பெருசா ஒண்ணும் இல்லன்னா 40-ல இருந்து 20, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்னு குறைச்சு விட்டுடலாம், டாக்டரைக் கேட்டுக்கிட்டு. புண்ணு பெருசா இருந்தா தொடர்ந்து போடத்தான் வேண்டியிருக்கும், அப்போ வீடியோவைப் பார்த்து பயந்து நிறுத்தக்கூடாது.

இப்போதைக்கு பேன்டாப்ரசோலை நீங்களா நிறுத்தவும் வேணாம், கூட்டவும் வேணாம். போறப்போ பேன்டாப்ரசோல் அட்டையையும் டைக்ளோபினாக் அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, எத்தனை வருஷமா போடறீங்கன்னும் சொல்லுங்க, ஏன்னா பேன்டாப்ரசோல் உள்ள இருந்தா, இரைப்பையில புண்ணை உண்டாக்கற எச்.பைலோரி கிருமி டெஸ்ட்ல மாட்டாம தப்பிச்சுடலாம்.