வால்வ் மாற்றினால் சத்தம் மாறுமா? நெல்லைச் சீமைக் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, என்னுடையது வால்வ் (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஸ்டீரியோ ஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ளுற பவர் வால்வ் இஎல் 84 நாலு, முன்னால சிக்னலைப் பெருக்குற இசிசி 83. பழைய பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வ், ரஷ்ய வால்வ், ஸ்லோவாக்கிய வால்வ் மூணு வகையும் கையில இருக்கு. மாத்தி மாத்திப் போட்டா ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு நல்லாருக்கு. எப்படித்தான் ஒப்பிடுறது?

தம்பி, முதலில் சத்த அளவைச் சமன் செய்யுங்கள். ஒரு வால்வ் அரை டெசிபல் கூடப் பாடினால் காது அதைச் "சத்தம் கூட" என்று எடுத்துக்கொள்ளாது, "தெளிவு கூட" என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான வால்வ் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வால்யூமைத் திருப்பி 1.00 வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். வால்வை மாற்றி 20 நிமிடம் சூடேறவிட்டு, மறுபடி அதே 1.00-க்கு வையுங்கள். 0.02 வோல்ட் முன்பின் இருக்கலாம்; அது 0.2 டெசிபலுக்குள்தான் வரும். 400 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், மலிவான மீட்டர்கள் அதற்கு மேல் போனால் தப்பாகக் காட்டும்.

அடுத்த சிக்கல் ஞாபகம். வால்வைக் கழற்றி மாட்டிச் சூடேறுவதற்குள் முன்பு கேட்டது மறந்துபோகும். உங்களிடம் இருப்பது ஸ்டீரியோ ஆம்ப் என்பதால் இதற்கு நல்ல வழி உண்டு. பாட்டை மோனோவாக்கி இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். இடதில் ஒரு வகை, வலதில் இன்னொரு வகை வால்வ். இரண்டு ஸ்பீக்கரையும் ஒட்டி வைத்து, பேலன்ஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினால் நொடியில் ஒப்பிடலாம். வித்தியாசம் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். இரண்டு சேனல் வால்வையும் இடம் மாற்றி, அளவை மறுபடி சமன் செய்து கேளுங்கள். வித்தியாசம் வால்வோடு கூடவே நகர்ந்தால் அது வால்வுடையது. பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டால் ஆம்ப்புடையது, அல்லது ஸ்பீக்கருடையது. கடைசியாக, வீட்டில் ஒருவரைக் குமிழைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

ஒரு நேரத்தில் ஒரு நிலையை (சிக்னலைப் பெருக்கும் ஒரு ஸ்டேஜை) மட்டும் மாற்றுங்கள். இசிசி 83-ஐயும் இஎல் 84-ஐயும் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: 300பி ஒற்றை வால்வ் ஆம்ப்ல குரல் அப்படியே குழைஞ்சு வருது. அது அந்த வால்வோட குணம்தானே?

கொஞ்சம் வால்வின் குணம், நிறைய சர்க்யூட்டின் குணம். 300பி போன்ற ஒற்றை ட்ரையோடில் (மூன்று முனை வால்வில்) எழும் திரிபு (டிஸ்டார்ஷன்) பெரும்பாலும் இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூல சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண். அது மூல சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காதை உறுத்தாது. புஷ்-புல் ஆம்ப்பில் (ஒன்று தள்ள ஒன்று இழுக்க இரண்டு வால்வ் வேலை செய்யும் ஆம்ப்பில்) இரண்டு வால்வும் ஒத்துப்போனால் அந்த இரண்டாம் ஹார்மானிக் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது, ஐந்தாவது போன்ற ஒற்றைப்படை ஹார்மானிக்தான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை முன்னால் திருப்பிக் கொடுத்துத் திரிபைக் குறைக்கும் முறை) இல்லாத 300பி ஆம்ப்பின் வெளியீட்டு எதிர்ப்பு 2 ஓம் அளவுக்கு இருக்கும். உங்கள் "8 ஓம்" ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓம் அல்ல. ஓரிடத்தில் 5 ஓம், பாஸ் கூம்பு அதிரும் இடத்தில் 30 ஓம் என்று ஏறி இறங்கும். 2 ஓம் முன்னால் நின்றால் 5 ஓம் இடத்தில் 2.9 டெசிபல் குறைகிறது, 30 ஓம் இடத்தில் 0.6 டெசிபல்தான் குறைகிறது. ஆக, 2 டெசிபலுக்கு மேல் பாஸைத் தூக்கிவிட்டது மாதிரி ஆகிறது. நீங்கள் கேட்கிற குழைவில் ஒரு பங்கு இதுதான். உறுதிசெய்ய வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வயரில் 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அளவைச் சமன் செய்து கேளுங்கள். பாதி தூரம் கிட்டே வந்துவிடும்.

சங்கரன்கோவிலிலிருந்து: இசிசி 83 இடத்தில இசிசி 82 போட்டா சத்தம் மிருதுவா வருதுங்காங்க. போடலாமா?

பின் அமைப்பும் ஹீட்டரும் (வால்வைச் சூடேற்றும் இழையும்) ஒன்று என்பதால் மாட்டலாம், எதுவும் கருகிவிடாது. ஆனால் அதை வால்வ் ஒப்பீடு என்று சொல்லாதீர்கள். இசிசி 83-இன் பெருக்கக் காரணி 100. இசிசி 82-க்கு 20-க்கும் கீழே. பிளேட்டில் (எலக்ட்ரானை வாங்கும் தகட்டில்) 100 கிலோ ஓம், கேத்தோடில் (எலக்ட்ரானை விடும் முனையில்) 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள இடத்தில் முன்னது சுமார் 60 மடங்கு பெருக்கும், பின்னது சுமார் 14.

ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியே உள்ள நிலை என்றால் நேராக 12 டெசிபல் போய்விடும். வளையத்துக்கு உள்ளே என்றால் நடப்பது வேறு. 20 டெசிபல் ஃபீட்பேக் இருந்த ஆம்ப்பில் அது ஏறத்தாழ 10 ஆகச் சுருங்கும். சத்தம் 2 டெசிபல்தான் குறையும். ஆனால் திரிபும் வெளியீட்டு எதிர்ப்பும் மூன்று மடங்கு வரை கூடும். பாஸ் தளர்ந்து வரும், அதைத்தான் "மிருது" என்கிறார்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எதனால் வந்தது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ரஷ்ய 6என்2பி-யும் (6N2P) 100-ஐ ஒட்டிய பெருக்கம் உள்ளதுதான், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. பேஸில் (வால்வ் செருகும் சாக்கெட்டில்) வயர் மாற்றாமல் செருகாதீர்கள்.

வள்ளியூரிலிருந்து: மைக் செட் கடையில கெடந்த பழைய ஆம்ப், 6எல்6ஜிசி ரெண்டு. இஎல் 34 போட்டுப் பாக்கலாமா அண்ணாச்சி?

மூன்றைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இஎல் 34-இல் 1-ஆம் பின் சப்ரெஸர் கிரிட் (உள்ளே இருக்கும் கம்பி வலைகளில் ஒன்று). அது 8-ஆம் பின்னோடு இணைந்திருக்க வேண்டும். 6எல்6 பேஸில் 1-ஆம் பின்னை வயர் முடியும் இடமாகப் பயன்படுத்தியிருப்பார்கள், கழற்றிப் பாருங்கள். இரண்டாவது, 6எல்6ஜிசி ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல் 34 ஹீட்டர் 1.5. இரண்டுக்குமாக 1.2 ஆம்பியர் கூடுதல். டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்பதை ஹீட்டர் முனையில் அளந்து பாருங்கள், 5.7 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, பயாஸ் (வால்வில் ஓடும் கரண்ட்டை நிர்ணயிக்க கிரிட்டுக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜ்). இரண்டுக்கும் வேண்டிய நெகட்டிவ் வோல்ட்டேஜ் வேறு. கரண்ட்டை அளந்து புதிதாக வைக்க வேண்டும். பயாஸ் தப்பாக இருக்கும்போது கேட்கிற சத்தம் அந்தத் தப்பின் சத்தம்.

பிளேட் வாட் (பிளேட்டில் சூடாகப் போகும் சக்தி) கணக்கு எல்லா வால்வுக்கும் ஒரே மாதிரிதான். இஎல் 84-ஐ வைத்துச் சொல்கிறேன்: கேத்தோடு ரெசிஸ்டர் 270 ஓம், அதன்மேல் 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீன் கிரிட்டுக்கு நாலரை போக 35.5. பிளேட்டில் 310 வோல்ட் என்றால் கேத்தோடு 10.8-ஐக் கழித்து 299. பெருக்கினால் 10.6 வாட். உச்சம் 12 வாட் என்பதால் சரி. இஎல் 34-க்கு உச்சம் 25, 6எல்6ஜிசி-க்கு 30.

மேலப்பாளையத்திலிருந்து: ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கொஞ்சம் கூர்மையா வருது. மனப்பிரமையா?

மனப்பிரமை என்று தள்ளாதீர்கள், லைன் வோல்ட்டை அளந்து பாருங்கள். ராத்திரியில் லோடு குறைந்து 250 வந்தால் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆகும், 10 சதவீத எல்லையை நெருங்குகிறது. வெளிநாட்டு 220 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் 7.16, அது எல்லையைத் தாண்டியாயிற்று. எச்.டி. (பிளேட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்த) வோல்ட்டும் பயாஸும் கூடவே நகரும்.

டிரான்ஸ்பார்மரில் 240 அல்லது 250 வோல்ட்டுக்கான டேப் (இணைப்பு முனை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியை லைனில் கொடுத்து, செகண்டரியை லைனோடு எதிர்முகமாகத் தொடரில் போடுங்கள். 250 சுமார் 238 ஆகும். ஆம்ப்பை மாட்டும் முன் அளங்கள். குறையாமல் கூடினால் செகண்டரி வயர் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். அந்தச் செகண்டரியில் மெயின்ஸ் ஓடுகிறது, ஆகவே பெட்டிக்குள் ஃப்யூஸோடு இருக்கட்டும். வால்வ் ஒப்பிடும்போது இரண்டு தடவையும் லைன் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தென்காசியிலிருந்து: சாரல் காலத்தில கரகரன்னு இரையுது. வால்வ் போயிட்டா?

பெரும்பாலும் பேஸ். ஈரத்தில் பின் களிம்பேறும். ஆஃப் செய்து ஆறவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பின்னைத் துடைத்து, வால்வை நாலைந்து முறை செருகி எடுங்கள். பேஸின் பிடி தளர்ந்திருந்தால் ஊசியால் இறுக்குங்கள். ஊசியை விடுமுன் எச்.டி. கண்டன்சரை 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூச்சியம் பாருங்கள். ஆஃப் செய்த பிறகும் அதில் 300 வோல்ட் நிற்கலாம். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

சேரன்மகாதேவியிலிருந்து: ஒரு இஎல் 84-ல பிளேட் சிவப்பா எரியுது. புதுசு போட்டாலும் அதேதான்.

புது வால்வையும் கொல்லாதீர்கள், குற்றம் அதனிடம் இல்லை. பெரும்பாலும் முந்தைய நிலையிலிருந்து கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கண்டன்சர் ஒழுகும். அந்த வால்வை மட்டும் கழற்றி, ஸ்பீக்கரை மாட்டியபடியே ஆன் செய்து, பேஸின் 2-ஆம் பின்னில் டிசி அளங்கள். கேத்தோடு பயாஸ் ஆம்ப்பில் அங்கே பூச்சியம் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் கண்டன்சரை மாற்றுங்கள். பழைய மெழுகுக் காகிதக் கண்டன்சர் என்றால் அளக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீனாக மாற்றிவிடுங்கள். பழைய செட்டில் சத்தம் மேம்பட வால்வை விட இதற்குச் செலவழிப்பது மேல்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: பழைய முல்லார்டு இசிசி 83 ஒருத்தர் தாரேங்கார். அசல்தானான்னு எப்படிப் பாக்க?

அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். கண்ணாடியின் அடிப்பக்கம், பின்னுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் பொறித்த இரண்டு வரிக் குறியைச் சாய்வான வெளிச்சத்தில் தேடுங்கள். இரண்டாம் வரி B என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை. தொடர்ந்து வருடம், மாதம், வாரம். முக்கோணக் குறி இருந்தால் நெதர்லாந்தின் ஹீர்லென், அதுவும் நல்ல சரக்கு. முல்லார்டு பெயரில் இன்று புதிதாக விற்பது ரஷ்யத் தயாரிப்பு. போலி இல்லை, ஆனால் பழைய விலை கொடுக்க வேண்டாம். உச்சியில் வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாகிவிட்டிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. ஓசிக்குக் கொடுத்தாலும் பயனில்லை.

திசையன்விளையிலிருந்து: ஒப்பிட என்ன பாட்டு போடணும்?

நீங்கள் நேரில் கேட்டுப் பழகிய சத்தத்தையே போடுங்கள். நாதஸ்வரத்தில் மேல் ஹார்மானிக் நிறைய; ஆம்ப் எல்லை தாண்டும் கணம் உடனே காது கூசும். தவிலில் கோலடிக்கும் தொப்பிப் பக்கம் பவர் சப்ளையையும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் சோதிக்கும். கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கிடைத்தால் இன்னும் நல்லது: வில்லின் மணி, உடுக்கை, குடத்தின் அடி மூன்றும் ஒன்றில் ஒன்று கரையாமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குழாய் ஸ்பீக்கர் வழியாகப் பதிவானதை மட்டும் எடுக்காதீர்கள், அதில் பாஸே இருக்காது.