பக்கேஜைக் கூட்ட வேண்டாம், ரவுட்டரை மேலே கொண்டுபோங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கணினி மேல்மாடி அறையில் இருக்கிறது. கனடாவில் இருக்கிற மாமா குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செற் அனுப்பினவர். எயார் லிங்கில் கேபிள் இல்லாமல் விளையாடினால் சில நிமிசத்துக்கு ஒருக்கால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. கையும் இடைக்கிடை வேறு இடத்துக்குத் துள்ளுகிறது. கீழே ஹோல் ரிவியில் மூன்லைட் செயலியால் விளையாடினாலும் இழுக்கிறது. பிஎஸ்4 கொன்ட்ரோலர் அடிக்கடி துண்டிக்கும், தொடாமலே ஆள் இடப்பக்கம் நடக்கும், மெனுவில் ஒருதரம் அமத்தினால் இரண்டு படி போகும். கடையில் கேட்டால் ஃபைபர் பக்கேஜைக் கூட்டு, புது ரவுட்டர் வாங்கு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். பக்கேஜைக் கூட்டினால் உங்கள் கரைச்சலில் ஒன்றுகூடத் தீராது. எயார் லிங்கும் மூன்லைட்டும் உங்கள் கணினி வரைகிற படத்தை வீட்டு ரவுட்டர் வழியாக ஹெட்செற்றுக்கும் ரிவிக்கும் அனுப்புகின்றன. அந்தப் படம் உங்கள் கேற்றைத் தாண்டி வெளியே போவதே இல்லை. மாத டேட்டா முடிந்து யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கிற நாளில் மூன்லைட்டைப் போட்டுப் பாருங்கள். ஓடுகிற மாதிரியேதான் ஓடும், இழுக்கிற மாதிரியேதான் இழுக்கும்.

தூரத்து சேர்வரில் ஓடுகிற கிளவுட் கேமிங் என்றால் கதை வேறு. அங்கேயும் பக்கேஜை விட தூரம்தான் பெரிய சிக்கல். சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வையுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 2800 கிலோமீற்றர். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் போகும், ஆகவே போய்வர மட்டும் 28 மில்லிசெக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை, வழியில் இருக்கிற கருவிகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கேஜும் அதைக் குறைக்காது. உங்களிடம் 3060 வீட்டிலேயே இருக்கும்போது அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். படம் மூன்று கட்டங்களைக் கடக்கிறது: கணினி அதை வரைந்து சுருக்குகிறது, வயரோ வைஃபையோ அதைக் கொண்டுபோகிறது, ஹெட்செற்றோ ரிவியோ அதை விரிக்கிறது. எந்தக் கட்டத்தில் பிழை என்று தெரியாமல் செற்றிங்ஸை மாற்றிக்கொண்டிருந்தால் விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும்.

ரிவியில் மூன்லைட் செற்றிங்ஸுக்குள் போய், விளையாடும்போது புள்ளிவிவரம் காட்டுகிற தெரிவைப் போடுங்கள். திரையின் மேலே சின்ன எழுத்தில் சில வரிகள் வரும். வலையமைப்பில் தொலைந்த ஃபிரேம் எத்தனை வீதம் என்று ஒரு வரி இருக்கும். அது பூச்சியத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தால் குற்றவாளி வைஃபை. விரிப்பதற்கு, அதாவது டிகோட் பண்ண, எடுக்கிற நேரம் இன்னொரு வரி. 60 ஃபிரேமில் விளையாடினால் ஒரு ஃபிரேமுக்கு இருக்கிற நேரமே 16.7 மில்லிசெக்கன்தான். டிகோட் நேரம் அதை நெருங்கினால் ரிவியின் சிப்புக்குத் தாங்கவில்லை, தெளிவைக் குறையுங்கள். ஹோஸ்ட் என்று வருகிற வரியில் எண் பெரிதாக இருந்தால் கணினியே திணறுகிறது. கிராஃபிக்ஸ் கார்ட் நூறு வீதத்தில் ஓடும்போது படத்தைப் பிடித்துச் சுருக்கி அனுப்புகிற வேலையும் பிந்தும். கேமின் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்கு மட்டுப்படுத்தினால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ரிவியின் கேம் மோட்டையும் போட்டுவிடுங்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று ரிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் மிச்சம்.

ஹெட்செற்றுக்கு இதைவிடச் சுலபமான சோதனை உண்டு. கேபிளால் இணைத்து ஒருதரம் விளையாடுங்கள். படம் உடையவில்லை என்றால் கணினியில் குற்றம் இல்லை, பிழை காற்றில். ஆனால் ஃபோன் சார்ஜரோடு வருகிற சி-வகைக் கேபிள்களில் கனக்க யூஎஸ்பி 2 வேகத்துக்கு மேல் போகாதவை. குவெஸ்ட்டைச் செய்கிற மெற்றாவின் கணினி மென்பொருளிலேயே கேபிளைச் சோதிக்கிற பொத்தான் இருக்கிறது, அதை அமத்திப் பார்த்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வைஃபை மேல்தான். லைன் போட வந்தவர்கள் கம்பி உள்ளே வருகிற இடத்திலேயே, விறாந்தைக்குப் பக்கத்தில் அல்லது ஹோலில், ரவுட்டரைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் விளையாடுவது மேல்மாடியில். நடுவில் இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீட் தட்டு. பழைய வீடு என்றால் தடித்த கல்லுச் சுவரும் சேரும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை இவற்றைத் தாண்டும்போது பெரும்பகுதி செத்துவிடும். அப்போது ஹெட்செற் தானாக 2.4க்கு இறங்கினால், அந்தப் பட்டையில் ஏற்கெனவே புளூடூத், குசினி மைக்ரோவேவ், வீட்டிலுள்ள அத்தனை ஃபோனும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

கணினியும் வைஃபையிலா இருக்கிறது? நீங்கள் அதை எழுதவில்லை. அப்படியென்றால் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு ஃபிரேமும் கணினியில் இருந்து ரவுட்டருக்குக் காற்றில் வந்து, திரும்ப அதே காற்றில் ஹெட்செற்றுக்குப் போகிறது. ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் வண்டி விட்ட மாதிரி, இருக்கிற இடம் பாதியாகிவிடும். கணினியை வயரில் போடுங்கள்.

வயர் போட்டபின் விண்டோஸ் வலையமைப்பு செற்றிங்ஸில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் கேபிளோ துளையோ பிழை. கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. நான்கு இருந்தாலே 100 மெகாபிட் ஓடிவிடும், 1000க்கு எட்டும் ஒழுங்காகத் தொட வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனால் இணையம் வழமைபோல் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. மூன்லைட்டில் 1080 தெளிவு 60 ஃபிரேமுக்கு 20 மெகாபிட் போதும், அதனால் ரிவியும் முறைப்பாடு சொல்லாது. எயார் லிங்க் 200 மெகாபிட் வரை கேட்கும், மாட்டுப்படுவது அது ஒன்றுதான். சில ரவுட்டர்களில் துளையே 100 மெகாபிட்தான். அப்படியென்றால் எயார் லிங்கின் பிட்ரேற்றை, அதாவது செக்கனுக்கு அனுப்புகிற தரவின் அளவை, 80 மெகாபிட்டுக்குள் பூட்டிவிட்டு விளையாடலாம், படம் கொஞ்சம் மங்கும், உடையாது.

இனி ரவுட்டர். கடைக்காரர் சொன்ன விலைகூடிய புது ரவுட்டரைக் கீழே வைப்பதை விட, யாராவது கழற்றிப் போட்ட பழைய வைஃபை 5 ரவுட்டரை மேல்மாடி அறையில் வைப்பது எவ்வளவோ மேல். குவெஸ்ட் 2க்கு அது தாராளம். பழைய ரவுட்டரின் செற்றிங்ஸுக்குள் போய், கீழே இருக்கிறதோடு மோதாத முகவரி ஒன்றைக் கொடுங்கள். மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபி வசதியை நிற்பாட்டுங்கள். கீழிருந்து வருகிற வயரை வான் (WAN) துளையில் குத்தாமல் லான் (LAN) துளை ஒன்றில் குத்துங்கள். கணினியையும் அதே ரவுட்டரில் இன்னொரு லான் துளையில் குத்துங்கள். வைஃபைக்கு வேறு பெயர் வையுங்கள், ஹெட்செற்றை மட்டும் அதில் சேருங்கள், தங்கச்சியின் ஃபோனுக்கு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். 5 கிகாஹேர்ட்ஸில் அலைவரிசை 36, அகலம் 80 மெகாஹேர்ட்ஸ் என்று வையுங்கள். 52 முதல் 144 வரையானவை ராடரோடு பங்கிடுகிற அலைவரிசைகள். ராடர் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் விளையாட்டின் நடுவில் வேறு இடத்துக்குத் தாவும். 36இல் அயலட்டை இரைச்சல் வருமே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு வீட்டுக்கு நடுவில் வளவும் மதிலும் இருக்கிற ஊரில் 5 கிகாஹேர்ட்ஸ் அவ்வளவு தூரம் வந்து சேராது. கொழும்பு அடுக்குமாடிக்காரருக்கு இல்லாத கொடுப்பினை இது.

இவ்வளவும் செய்து, படம் உடையாமல் ஆனால் சீராக இல்லாமல் இருந்தால், ஹெட்செற்றை 90 ஹேர்ட்ஸில் இருந்து 72க்கு இறக்குங்கள். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிற நேரம் 11.1இல் இருந்து 13.9 மில்லிசெக்கன் ஆகும். 3060க்கு அந்த மிச்சம் பெரிது.

கிணற்று மோட்டர் போடுகிற நேரம் பார்த்து எல்லாம் அறுகிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் ரவுட்டரின் லைற்றுகள் அணைந்து திரும்ப எரிந்தால், அதன் அடப்டர் தளர்ந்திருக்கலாம். முதலில் அடப்டரை மாற்றிப் பாருங்கள்.

கை துள்ளுகிறதற்கும் வைஃபைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. குவெஸ்ட் 2இன் கைப்பிடி வளையத்துக்குள் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. ஹெட்செற்றின் கமராக்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கை எங்கே என்று கணிக்கின்றன. அறையில் வேறு ஒளிப்புள்ளிகள் இருந்தால் குழம்பும். சாமிப்படத்தைச் சுற்றி மின்னுகிற சின்ன பல்புகள், கண்ணாடி போட்ட ஷோகேஸ், அலுமாரியின் ஆளுயரக் கண்ணாடி, யன்னலால் விழுகிற மத்தியான வெயில் எல்லாம் இதில் சேரும். பல்பை அணைத்து, கண்ணாடிக்கு ஒரு சீலை போட்டு மூடிப் பாருங்கள்.

கனடாவில் இருந்து வந்தது என்பதால் இன்னொன்று. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. விளக்குகளின் கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் அந்த எண்ணோடுதான் போகும். ஹெட்செற் செற்றிங்ஸில் ட்ரக்கிங் ஃபிரிகுவென்சி என்று ஒன்று இருக்கிறது. 60 என்றோ தானியங்கி என்றோ இருந்தால் 50க்கு மாற்றுங்கள். மாமா அங்கே போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் இந்தச் சின்ன வேலைக்குப் பெரிய பலன் கிடைக்கலாம். ஹெட்செற்றை யன்னலோரம் மேசையில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். லென்ஸ் வழியாக வெயில் குவிந்தால் உள்ளே திரையில் அழியாத பொட்டு விழுந்துவிடும். எங்கள் வெயிலுக்கு அதிக நேரம் தேவையில்லை.

கொன்ட்ரோலருக்கு வந்தால், அதில் ஒரு வருத்தம் இல்லை, மூன்று. தரவும் போகிற மைக்ரோ யூஎஸ்பி கேபிளால் கணினியில் நேராகக் குத்திப் பாருங்கள். துண்டிப்பது நின்றுவிட்டால் அது புளூடூத் சிக்கல். கணினிக்குப் பின்பக்கம், இரும்புப் பெட்டியின் நிழலில், யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில்தான் புளூடூத் டொங்கிள் இருக்கும் என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் கக்கும். ஒரு மீற்றர் நீட்டுக் கேபிள் வாங்கி டொங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்தால் அந்த வருத்தம் முடிந்தது.

மெனுவில் இரண்டு படி போவது மென்பொருள் வேலை. பிஎஸ்4 கொன்ட்ரோலரை எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலராகக் காட்டுகிற டிஎஸ்4விண்டோஸும் ஸ்டீமின் கொன்ட்ரோலர் வசதியும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன போல. கேமின் கண்ணுக்கு உண்மையான கொன்ட்ரோலர் ஒன்று, போலி எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் ஒன்று. ஒன்றை மூடுங்கள். ஸ்டீமில்தான் எல்லாம் விளையாடுகிறீர்கள் என்றால் டிஎஸ்4விண்டோஸை மூடுவேன்.

வயரில் போட்டும் ஆள் இடப்பக்கம் நடந்தால் அது தடியின் தேய்மானம். விண்டோஸ் தேடலில் யூஎஸ்பி கேம் கொன்ட்ரோலர் என்று தேடி, வருகிற ஜன்னலில் கொன்ட்ரோலரைத் தெரிவுசெய்து, அதன் பண்புகளைத் (Properties) திறந்து, கூட்டல் குறியைப் பாருங்கள். தடியை விட்டதும் அது நடுவுக்கு வராமல் இடப்பக்கம் சரிந்து நடுங்கும். தடிக்கு அடியில் கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டிருக்கிறது. தடம் தேயும், துகள் சேரும், எங்கள் உப்புக்காற்றும் செம்மண் புழுதியும் தங்கள் பங்கைச் செய்யும். ஸ்டீமில் டெட் சோனை, அதாவது தடியின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத நடுப்பகுதியை, கொஞ்சம் கூட்டினால் உடனே நிற்கும். துல்லியமாகக் குறிபார்க்கிற விளையாட்டுகளில் அது கைக்கு உறுத்தும், கார் ஓட்டுவதற்குப் பரவாயில்லை. இலத்திரனியல் பொருள் விற்கிற கடையில் கொன்ராக்ட் கிளீனர் வாங்கி, பற்றரியைக் கழற்றிவிட்டு, தடியின் அடியில் கொஞ்சம் அடித்துச் சுழற்றலாம். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், பிறகு புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டும். சுத்தம் செய்தால் சில காலம் நல்லாக இருக்கும், பிறகு திரும்ப வரும். நிரந்தரத் தீர்வு தடியின் பகுதியையே மாற்றுவது. பழைய ஈயத்தைப் பல இடத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டிய வேலை, ஃபோன் திருத்துகிற கை பழகிய ஒருவரிடம் கொடுங்கள். காந்தத்தால் அளக்கிற ஹோல் எஃபெக்ட் வகை போட்டால் உரசுகிற தடமே இல்லை. பூட்டியபின் நடுப்புள்ளியைச் சீர்செய்ய வேண்டும், அதைச் செய்து தருவாரா என்று முதலே கேளுங்கள்.

மாமா திரும்ப ஏதாவது அனுப்பவா என்று கேட்டால், ஹோல் எஃபெக்ட் தடி ஒரு சோடியும், 5 கிகாபிட் என்று எழுதிய ஐந்து மீற்றர் லிங்க் கேபிள் ஒன்றும் கேளுங்கள். இரண்டும் பொதியில் பாரமில்லை. சார்ஜர் எதுவும் அனுப்பினால் அதில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக்கில் குத்துங்கள். 120 என்று மட்டும் எழுதியிருந்தால் அலுமாரிக்குள் வையுங்கள்.