மூன்று வீட்டுப் பூனை

வணக்கம் சார்,

ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒன்றரை வருஷமாக ஒரு பூனை எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து தங்குகிறது. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த நிறம். பெண் என்றுதான் நினைக்கிறேன். வரும்போதே வளர்ந்த பூனை. என் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் தெருமுனை வரை ஓடிவரும். நான்தான் சாப்பாடு வைக்கிறேன்.

ஜூன் மாதம் கணவருக்குக் கோவைக்கு மாற்றல். அங்கே வீட்டு ஓனர், பிராணி எதுவும் கூடாது என்று சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கினார். வாட்ஸப் குழுக்களில் படம் போட்டேன். 'குட்டி இருக்கா?' என்று கேட்கிறார்கள். மூன்று வயதிருக்கும் என்றதும் பதிலே இல்லை. நான் போட்ட பதிவைக் கீழே இணைத்திருக்கிறேன். மாமியார், "சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடு, அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும்" என்கிறார். பிழைத்துக்கொள்ளுமா சார்?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

அநேகமாகப் பிழைக்காது. மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பூனை, ஒவ்வொரு பூனைக்கும் ஓர் எல்லை. புதிதாக வந்து விழுந்ததை அவை அண்டவிடாது. அதுவும் அங்கே நிற்காது, உங்கள் மாடிப்படியைத் தேடிக்கொண்டு ரோட்டைக் கடக்கும். அப்புறம் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் நம் ஊர்க்காரர்தான், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கியது அது. ஆனால் மாமியாரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். ஜூன் வரை ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் தாம்பரம் பக்கம் குடியிருந்தேன். அங்கே ஒரு கடுவன் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது சண்டையில் கிழிந்தது. துரை என்று பெயர் வைத்திருந்தேன். வீடு மாற வேண்டி வந்தபோது உங்களைப் போலவே நானும் ஆள் தேடி அலைந்தேன். ஊரெல்லாம் கேட்டேன். என் தெருவில் மட்டும் கேட்கவில்லை. அது 'என்னுடைய' பூனை என்ற நினைப்பு.

ஒரு நண்பர் வழி சொன்னார். காகிதத்தைப் பட்டையாக வெட்டி, 'இந்தப் பூனை உங்கள் வீட்டுக்கும் வருகிறதா?' என்று எழுதி, என் போன் நம்பரையும் போட்டு, அதன் கழுத்தைச் சுற்றித் தளர்வாக ஒட்டினேன். கயிறு கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும், காகிதம் என்றால் கிழிந்துவிடும். மறுநாளே இரண்டு போன். ஒரு வீட்டில் அவன் பெயர் மணி, காலை ஆறு மணிக்கு டாணென்று ஆஜர். இன்னொரு வீட்டில் சின்னு, மத்தியானம் முழுக்க ஈசிசேரில் தூக்கம். என் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. எனக்கு வந்தது நிம்மதியா பொறாமையா என்று இன்றுவரை தெரியவில்லை. ஈசிசேர் வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். "நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எடுத்துக்கறதா? அவன் இங்கதானே இருக்கான்" என்றார்.

அதனால் முதலில் காகிதப் பட்டை கட்டுங்கள். வளர்ந்த பூனைக்கு வீடு தேடுவது என்றால் அது ஏற்கெனவே போய்வரும் வீடுகளில்தான் தொடங்க வேண்டும். ஒன்றரை வருஷம் உங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் நம்பியே வாழ்ந்தது என்றால் நம்ப மாட்டேன்.

பெண்ணா என்ற சந்தேகம் வேண்டாம். கறுப்பும் செம்மஞ்சளும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும், எனவே மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெண்தான். பெண் என்பதால் கருத்தடை ஆபரேஷன் முக்கியம். காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிச் செய்துவிடுங்கள். உங்களுக்கு ப்ளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பு பக்கம்தான், வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கர்ப்பம் ஒன்பது வாரம்தான், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். வளர்ந்த பெண்பூனை என்றதும் மக்கள் பதில் போடாமல் போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 'ஆபரேஷன் ஆயிற்று, ரேபிஸ் ஊசி போட்டாயிற்று' என்று எழுதிப் பாருங்கள்.

உங்கள் பதிவைப் படித்தேன். 'பாவம், யாராவது காப்பாற்றுங்கள், நான் ஊரை விட்டுப் போகிறேன்' என்று இருக்கிறது. அதில் உங்கள் கவலை தெரிகிறது, பூனை தெரியவில்லை. ஸ்கூட்டி சத்தத்துக்குத் தெருமுனைக்கு ஓடிவரும் என்று எனக்கு எழுதினீர்களே, அதைப் போடுங்கள். குட்டி என்பது லாட்டரிச் சீட்டு. வளர்ந்து என்ன குணத்தில் வரும் என்று தெரியாது, அதுவரை திரைச்சீலையில் தொங்கும், ராத்திரி மூன்று மணிக்குக் கால் கட்டைவிரலைக் கடிக்கும். உங்கள் பூனையோ குணம் தெரிந்த பூனை. மடியில் உட்காருமா, குழந்தைகளைக் கண்டால் ஓடுமா, நாயோடு ஒத்துப்போகுமா, எழுதுங்கள். கெட்ட பழக்கத்தையும் எழுதுங்கள். வயிற்றைத் தொட்டால் பிறாண்டும் என்றால் பிறாண்டும் என்றே எழுதுங்கள். அதைப் படித்துவிட்டும் போன் செய்கிறவர்தான் வேண்டும்.

யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கொண்டுபோய் விடுங்கள், வீட்டைப் பாருங்கள். மாடி ஃப்ளாட் என்றால் பால்கனியில் புறா வலை இருக்கிறதா? சைவ வீடு என்றால் பூனைக்கென்று தனி உணவு வாங்குவார்களா? வெறும் தயிர்ச்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்து கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண் போகும், இதயம் பலவீனமாகும். கிடங்கில் எலித்தொல்லை, அதற்காக வேண்டும் என்பவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். உங்கள் இஷ்டம்.

தூரத்து வீடு அமைந்தால் மூடியுள்ள கூடையில் போட்டு, மேலே துணி போர்த்தி எடுத்துப் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கதவு திறந்தால் பழைய இடத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், கிடக்கட்டும். ஆனால் இரண்டு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெட்டுவிடும். அதே தெருவில் வீடு அமைந்தால் இத்தனை பாடும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவை ஓனரிடம் இந்தப் பூனையைப் பற்றி ஒரு தடவையாவது பேசினீர்களா? வாடகைக்கு வரும் எல்லோரிடமும் பொதுவாகச் சொல்வது வேறு, ஆபரேஷன் ஆன ஒரு பூனையின் படத்தைக் காட்டி, அட்வான்ஸில் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்று கேட்டால் சொல்வது வேறு. முடியாது என்றால் முடியாதுதான். ஒரு போன் செலவு.

காகிதப் பட்டைக்குப் பதில் வந்தால் எழுதுங்கள். அடுத்த வீட்டில் அவளுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.