பழைய காமிக்ஸ் என்ன விலை? மலைவாழ் வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடமாகக் குன்னூரில் இருந்துகொண்டு பழைய காமிக்ஸ் சேர்க்கிறேன். அதனால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேள்வி அனுப்புகிறார்கள். விலையைப் பற்றிக் கேட்பவர்களே இப்போது அதிகம். மழை பிடித்துவிட்டால் பூஞ்சணத்தைப் பற்றிக் கேட்பார்கள். சமீபத்தில் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்பு 50 ரூபாய்க்கு வாங்கிய ராணி காமிக்ஸை இன்று 1,500 ரூபாய் என்கிறார்கள். ஏன் இப்படி ஏறுகிறது? இன்னும் ஏறுமா? (காந்தல், உதகை)

முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கியது 1972-ல். லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல் வந்தன. 1984-ல் பத்து வயதில் அவற்றைப் படித்த பையன் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். வீட்டுக் கடன் முடிந்திருக்கும், பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்ட புத்தகங்களை இப்போது திரும்பத் தேடுகிறார். அவரைப் போல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். முன்பு ஒருவரை ஒருவர் தெரியாது. இப்போது எல்லாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் படம் வந்தால் ஐந்து நிமிடத்தில் இருபது பேர் "எனக்கு" என்கிறார்கள்.

புத்தகமோ குறைந்துகொண்டே வருகிறது. நியூஸ்பிரிண்ட் என்ற மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சடித்துச் சிறுவர்கள் கையில் கொடுத்தவை அவை. பாதி கடலைப் பொட்டலமாகப் போயிற்று, மீதியை வாடகை நூலகங்களில் நூறு கைகள் புரட்டின. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றேவிட்டது, இனிப் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விலை ஏறத்தான் செய்யும்.

ஆனால் 1,500 என்பது கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்று பாருங்கள். ஒரே இதழை மூன்று மாதமாக ஒரே விலையில் விளம்பரம் செய்துகொண்டே இருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். போகாத விலை விலையே இல்லை. ஆரம்ப கால இதழ்கள், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்கள், எழுபதுகளின் முத்து காமிக்ஸ் ஆகியவற்றுக்குத்தான் உண்மையான தட்டுப்பாடு. தொண்ணூறுகளின் பிற்பகுதி இதழ்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் அதே விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஏறுமா என்றால், கொஞ்ச காலம் ஏறும் என்றுதான் நினைக்கிறேன். இந்த விலை ஒரு தலைமுறையின் நினைவை நம்பி நிற்கிறது. என் மகள் முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை விரும்பிப் படிக்கிறாள். ஆனால் அந்தப் பழைய தாளுக்காக ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயாராக இல்லை. மகனின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நினைத்து யாரும் காமிக்ஸ் வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"மாயாவி, முதல் இதழ், அபூர்வம்" என்று ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார். 8,000 ரூபாய். வாங்கலாமா? (கோத்தகிரி)

எந்த மாயாவி என்று முதலில் கேளுங்கள். முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962-ல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய கதைத்தொடரின் நாயகன் அவர். ராணி காமிக்ஸ் "மாயாவி" என்று பெயர் வைத்தது லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேன்டம் என்ற முகமூடி வீரருக்கு. அதே ஃபேன்டம் முத்து காமிக்ஸில் வேதாளர் என்ற பெயரில் வந்தார். இந்தக் குழப்பம் விற்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. முதல் இதழ் என்றால் எந்தப் பதிப்பகம், எந்த வருடம், அட்டையில் என்ன எண் என்று கேளுங்கள். முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், கம்பிப் பின் அடித்த இடம் நான்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. ஒரு வெளியூர் விற்பனையாளருக்குப் பணம் அனுப்பினேன், வந்தது ஜெராக்ஸ் பிரதி. அட்டையை மட்டும் கலரில் நன்றாக எடுத்துப் பழைய புத்தகம் மாதிரி மடித்துக் கம்பிப் பின் அடித்திருந்தார்கள். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பழைய அச்சில் மை தாளுக்குள் ஊறியிருக்கும். ஜெராக்ஸில் கருப்புப் பொடி தாளின் மேலே படிந்து, சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். ஓரம் பழுப்பாகி நடு சற்று வெளிறி இருந்தால் அது இயல்பான முதுமை. பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் அந்தத் துரு உள்பக்கத் தாளிலும் கறையாக இறங்கியிருக்க வேண்டும். பழைய தாளில் பளபளக்கும் புதுப் பின் இருந்தால், குறைந்தபட்சம் யாரோ பிரித்து மறுபடி அடித்திருக்கிறார்கள்.

தேயிலைத் தோட்ட பங்களா ஒன்றைக் காலி செய்தபோது சூப்பர்மேன் வந்த பழைய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் கிடைத்தது. அது பல கோடி போகும் என்கிறார்களே? (கொடைக்கானல்)

ஆசையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். 1938-ல் 10 சென்டுக்கு வந்த அந்த இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. ஆனால் அதே இதழை, சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 1974-ல் அப்படியே மறுபதிப்புச் செய்தது. அதற்கு வெளியே ஒரு கெட்டி அட்டை உண்டு. அதைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது 1938 இதழ் போலவே தெரியும். நிறையப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். அளவுகோலை எடுத்து வையுங்கள். மூல இதழ் சாதாரண காமிக்ஸ் அளவு, அதாவது பத்தரை அங்குல உயரம்தான் இருக்கும். மறுபதிப்பு அதைவிட மூன்று அங்குலம் போல உயரமானது. உங்களுடையது பெரிதாக இருந்தால் பத்திரமாக வைத்துப் படியுங்கள், அதுவும் அழகான புத்தகம்.

பங்களா அலமாரிகளில் இதைவிட அதிகமாகக் கிடைப்பவை கமாண்டோ மாதிரி பிரிட்டிஷ் போர்க்கதைக் குட்டிப் புத்தகங்கள். 1961-லிருந்து இன்றுவரை வருகின்றன, பெரிய விலை போகாது. இந்திரஜால் காமிக்ஸ் (1964 முதல் 1990 வரை) கிடைத்தால், ஆரம்ப கால எண்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றைத் தேடுகிறவர்கள் உண்டு.

அமெரிக்காவில் போல நம் புத்தகத்துக்கும் மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவார்களா? (வெலிங்டன்)

அங்கே 2000-லிருந்து அப்படி ஒரு நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. அமெரிக்கச் சந்தையில் விற்கப் போகிறீர்கள் என்றால் பயன்படும். தமிழ் காமிக்ஸுக்கு வேண்டாம். மூடிவிட்டால் படிக்க முடியாது.

எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கும். புத்தகங்களை எப்படிக் காப்பாற்றுவது? கோவையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? (கூடலூர்)

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்தை ஒரே மழைக்காலத்தில் இழந்தவர்கள் நம் மலையில் இருக்கிறார்கள்.

நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது, தாளில் அமிலம் சேர்ந்து நொறுங்குகிறது. வெப்பம் கூடினால் இது வேகமாக நடக்கும். அதனால் நம் குளிர் உண்மையில் ஒரு வரம், தம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நமக்கு எதிரி ஈரம் மட்டும்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் வளரும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புத்தகம் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோ வேண்டவே வேண்டாம். இரவில் சுவர் குளிர்ந்து பீரோவின் உள்ளே தண்ணீர் கோக்கும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு கை இடம் விட்டு வையுங்கள். கணப்புக்கு மேலேயும் வைக்காதீர்கள். பகலெல்லாம் ஈரம், ராத்திரி அனல் என்று மாறி மாறிப் பட்டால் தாள் வளைந்து ஒடியும்.

நான் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல் பை உண்டு. நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது ஈரத்தை உறிஞ்சி முடித்தது என்று தெரியும். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். புத்தகத்துக்குப் பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள். பிவிசி உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையைத் தாளில் படும்படி போட வேண்டாம். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழும் நாட்களில் பகல் காற்று நன்றாக உலர்ந்திருக்கும். அப்போது டப்பாக்களைத் திறந்து, வெயில் நேராகப் படாத இடத்தில் புத்தகங்களைப் புரட்டி வையுங்கள். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் பிரியுங்கள்.

மாதம் 500 ரூபாய்தான் செலவழிக்க முடியும், அண்ணா. எங்கிருந்து தொடங்குவது? (கல்லூரி மாணவர், குன்னூர்)

மறுபதிப்பிலிருந்து தொடங்குங்கள், தம்பி. 2012-க்குப் பிறகு லயனும் முத்துவும் நல்ல தாளில் நிறைய வெளியிட்டிருக்கின்றன. படித்துப் பாருங்கள். எந்த நாயகன் உங்களைப் பிடித்து இழுக்கிறாரோ அவருடைய பழைய இதழ்களை மட்டும் தேடுங்கள். முழு வரிசையும் வேண்டும் என்று இறங்கினால் கடைசிப் பத்துப் புத்தகங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் செலவாகும். அட்டை கிழிந்த, நூலக முத்திரை குத்திய பிரதிகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். கதை முழுசாக இருந்தால் போதும். மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் கடைக்காரரிடம் பழகி வையுங்கள். என் சேகரிப்பில் பாதி அப்படி வந்தது.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. டிரங்குப் பெட்டி நிறைய ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. ஒருவர் மொத்தமாக 10,000 தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகி, கோத்தகிரி)

இப்போதைக்கு வேண்டாம், அம்மா. அவசரப்படுத்துகிறவரிடம் கொடுக்கவே வேண்டாம். முதலில் ஒரு நோட்டில் பதிப்பகம், இதழ் எண், தலைப்பு, பக்கம் ஏதும் குறைகிறதா என்று எழுதுங்கள். பிறகு குறைந்தது மூன்று பேரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி விலை கேளுங்கள். மொத்தமாக வாங்குகிறேன் என்பவர் பெரும்பாலும் அதில் இருக்கும் நாலைந்து அபூர்வ இதழ்களுக்காகத்தான் வருகிறார். அவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகவும் யாரையும் விடாதீர்கள், மீதியை விற்பது கஷ்டமாகிவிடும்.

அப்பாவின் கையெழுத்தை அழிக்கச் சொல்வார்கள். அழிக்காதீர்கள். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், தேய்த்தால் தாள் கிழிந்து இன்னும் குறையும். தேதிகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள், அவர் எந்த மாதம் எதைப் படித்தார் என்று தெரியும். பிடித்த பத்துப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விற்றாலும் தவறில்லை. அதுவரை பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பலகை மேல் வையுங்கள். டிரங்குப் பெட்டியின் அடித்தகடுதான் நம் ஊரில் முதலில் துருப்பிடிக்கும்.